சிவப்பாக நின்ற புள்ளி

“பட்டன் வச்சது நீ. அமுக்கினது நான். இப்ப யாரைக்கா தூக்குல போடுறது?”

“முதல்ல ஃபைலைத் திற. கயிறு எங்கயும் ஓடிடாது.”

தம்பிக்கு நகராட்சி அலுவலகத்தில் வரைபட வேலை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் வரைபட மென்பொருள் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி சம்பளமில்லாமல் உழைப்பவள் அக்கா. தம்பி பயன்படுத்துவதும் அதைத்தான்.

நேற்று மத்தியானம் தையல்காரியின் வீடு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஊருக்கு அடியில் மூடிப்போன சுரங்கம். அது எந்த வீடுகளுக்குக் கீழே போகிறது என்று கோடு போட்டுக் கொடுத்தவன் தம்பி. கோட்டுக்குள் வந்த வீடுகளை எல்லாம் காலி செய்தார்கள். தையல்காரியின் வீடு கோட்டுக்கு வெளியே இருந்தது. தையல் மிஷினோடு சேர்த்துத்தான் அவள் உடலை எடுத்தார்கள்.

“உன் ஆபீஸ் வாசல் பெஞ்சில இருக்கறது அவ புருஷனா?”

“ம். காலைலேருந்து இருக்காரு. போங்கன்னு சொல்ல யாருக்கும் வாய் வரல.”

“உன்கிட்ட என்ன வேணுமாம்?”

“போன மாசம் வந்து கேட்டாரு, எங்க வீடு கோட்டுக்குள்ள வருதா தம்பின்னு. வரல, காலை நீட்டித் தூங்குங்கன்னேன்.”

அக்கா நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டாள்.

திரையின் ஒரு பாதியில் பழுப்பேறிய சுரங்க வரைபடம். மறுபாதியில் செயற்கைக்கோள் எடுத்த இன்றைய ஊர். தாளில் இருக்கும் இந்த இடம்தான் தரையில் அந்த இடம் என்று இரண்டிலும் புள்ளி வைத்துக்கொண்டே போனால், பழைய தாள் இன்றைய ஊர்மேல் போர்வைபோல் விரிந்துகொள்ளும். மற்றவற்றோடு ஒத்துப்போகாத புள்ளியை மென்பொருள் சிவப்பாகக் காட்டும். முன்பெல்லாம் அதை நீக்க வேண்டுமானால் புள்ளியைத் திறந்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகுதான் முடியும். ஒரு புள்ளியை எடுக்க உயிர் போகிறது என்று பலரும் புலம்பினார்கள். அதிகம் புலம்பியவன் தம்பி. அக்கா பக்கத்திலேயே ஒரு பெருக்கல் குறி வைத்தாள். ஒரு தட்டு, புள்ளி காணாமல் போகும். கைதட்டாதவர்கள் பாக்கியில்லை.

“இதுல நாலு புள்ளிதான் இருக்கு. நாலும் ரோட்டு முனை. வேற எதையாவது எடுத்தியா?”

“ஒண்ணு. சிவப்பா நின்னுச்சு.”

“எது?”

“சுரங்கத்துக்குக் காத்து விட்ட குழி. முள்ளுக்குள்ள புகுந்து நானே போய் நின்னு அளந்தேன். வேட்டியெல்லாம் கிழிஞ்சுது.”

“நேர்ல பாத்ததை எடுத்துட்டு, உக்காந்த இடத்துல வச்சதை விட்டுட்டே.”

“நாலும் ஒண்ணுக்கொண்ணு சரியா இருந்துச்சுக்கா! அது மட்டும்தான் முறைச்சுக்கிட்டு நின்னுச்சு.”

“இங்க பாரு. தாள்ல இந்தக் கல்தொட்டி, ரோட்டுக்கு எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம்.”

“இப்ப?”

தம்பி திரைக்கு அருகில் குனிந்தான். தொட்டி இடப்பக்கம் இருந்தது.

“ரோட்டையே தள்ளிப் போட்டிருக்காங்க,” என்றாள் அக்கா. “நாலும் சேர்ந்து நகர்ந்திருக்கு. அப்புறம் ஒத்துப்போகாம என்ன செய்யும்?”

ரோட்டு முனைகளை நீக்கினாள். குழியின் வாய், தொட்டி, பாறை, பாலத்தின் கால் என்று நகராதவற்றில் புள்ளி வைத்தாள். போர்வை நகர்ந்தது. சுரங்கம் தையல்காரியின் வீட்டுக்கு நேர் கீழே வந்து, அங்கே நிற்காமல் அந்த வரிசை முழுக்க ஓடியது.

“அந்த வரிசையில ஆள் இருக்காங்களாடா?”

“காலைல துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க.”

“போனை எடு.”

“எடுத்தா என் வேலை போயிடும். உள்ளயும் தள்ளுவாங்க. என் பொண்ணுக்கு இன்னும் பால்பல்லுகூட விழலைக்கா.”

“அந்தக் கொடியில சின்னச் சட்டை இருந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

அவன் போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டான்.

“சார், தையல்காரம்மா வரிசையை இப்பவே காலி பண்ணணும்.”

“அங்க ஒண்ணுமில்லைன்னு கையெழுத்துப் போட்டவன் நீதானேய்யா?”

“தப்பாப் போட்டேன் சார்.”

“எழுத்துல குடுப்பியா?”

“குடுக்கறேன் சார். முதல்ல ஆளை வெளியே எடுங்க.”

போனை வைத்துவிட்டு வெளியே போனான். தையல்காரியின் புருஷன் எழுந்து நின்றார்.

“உங்க வீடு கோட்டுக்குள்ளதான்யா வருது. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

அவர் அடிப்பார் என்று தம்பி நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

“தரை விரிசல் விடுதுன்னு அவ சொல்லிக்கிட்டே இருந்தா தம்பி. தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னா. நான்தான், படிச்ச பிள்ளை சொல்லிட்டாரு, சும்மா இருடீன்னேன்.” செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். “பக்கத்து வீட்டுல அண்ணன் இருக்கான். போன்ல சொன்னா நம்ப மாட்டான். நான் நேர்ல போறேன்.”

சாயங்காலத்துக்குள் அந்த வரிசை காலியாகிவிட்டது. அடுத்த வாரம் அதில் மூன்று வீடுகள் இறங்கின. உள்ளே யாரும் இல்லை. தம்பியின் விசாரணை இன்னும் முடியவில்லை.

அக்கா பெருக்கல் குறியை எடுத்துவிட்டாள். இப்போது ஒரு புள்ளியை நீக்கப் போனால் இரண்டு படங்களும் திரையில் விரிகின்றன. கீழே ஒரு கேள்வி: ‘இந்த இடத்தை நேரில் பார்த்தவர் யாராவது உண்டா?’

மறுநாளே முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: “நல்லா இருந்ததை ஏன்மா கெடுத்தீங்க? ஒரு புள்ளியை எடுக்க உயிர் போகுது.”