தலை மட்டும் இசக்கிச்செல்வி

குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அருவியைப் பார்க்க வரவில்லை, இசக்கிச்செல்வியின் தலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நான் மைக்கில் சொல்லுவேன். பொய்தான். ஆனால் அவளை ஒருமுறை பார்த்தவன் அதைப் பொய் என்று சண்டைக்கு வரமாட்டான்.

நான் சேக் தாவூது, கடையநல்லூர்க்காரன். சவூதியில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, இப்போது சீசன் பொருட்காட்சியில் 'உடம்பில்லாத அதிசயப் பெண்' கொட்டகை வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எங்கள் தெருவில் எல்லோரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

உள்ளே ஒரு மேசை. மேசை மேல் பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தில் இசக்கிச்செல்வியின் தலை, பூவும் பொட்டுமாக. கீழே மேசையின் கால்கள் தெரியும், சிவப்புத் துணி தெரியும், வேறொன்றும் இருக்காது. பெரிய மந்திரமில்லை. மேசைக் கால்களுக்கு நடுவே இரண்டு கண்ணாடிகள் சாய்வாக நிற்கின்றன. பக்கவாட்டில் தொங்கும் சிவப்புத் துணி அவற்றில் விழுந்து, பின்னால் இருக்கிற துணி மாதிரியே தெரியும். அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால் அவள் முக்காலியில் குறுகி உட்கார்ந்து, மேசையிலும் தாம்பாளத்திலும் உள்ள ஓட்டை வழியே தலையை நீட்டியிருப்பாள்.

கண்ணாடியை எவனும் வாங்கிவிடலாம். இசக்கிச்செல்வியின் வாயை எந்தக் கடையில் வாங்குவது? "நீலச்சட்டை அண்ணாச்சி, வீட்டம்மாவ அருவியிலேயே விட்டுட்டு வந்துட்டியளே, அங்கன தேடுதாவ" என்பாள். அந்த மனுஷன் நிஜமாகவே வாசலைத் திரும்பிப் பார்ப்பான். கொட்டகையே குலுங்கும்.

அவள் வடகரைக்காரி. முன்பு தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களிடம் வாயடிக்கிறாள் என்று அங்கே அவளை அனுப்பிவிட்டார்கள். "பேசாம நிக்கதுக்குத்தான் அங்கன பொம்ம வச்சிருக்காவளே, நான் எதுக்கு" என்பாள். பேசுவதற்கென்றே அவளைக் கூப்பிட்ட ஒரே இடம் எங்கள் கொட்டகைதான்.

அதற்கும் வந்தது வினை. முதலாளி சுந்தரபாண்டியன் மதுரை, திருச்சியெல்லாம் கொட்டகை போட்டவர். மற்ற ஊர்களில் ஜனம் உலர்ந்து வரும், குற்றாலத்தில் நனைந்து வரும் என்பது அந்தப் பெரிய மண்டைக்கு உறைக்கவே இல்லை. எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, சொட்டச் சொட்ட ஈரத்துண்டோடு கூட்டம் உள்ளே வந்தால் கொட்டகை இட்லிக் கொப்பரை ஆகாமல் என்ன செய்யும்? வெளியே வேறு சாரல். கண்ணாடியில் ஆவி படிந்து, வெறுமையாகத் தெரிய வேண்டிய இடம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. சனிக்கிழமை ஒரு கூட்டம், "ஏலே, கண்ணாடி, கண்ணாடி" என்று ஊளையிட்டுவிட்டுப் போனது.

சேதி பொருட்காட்சி காண்டிராக்டர் கடற்கரை அண்ணாச்சியின் காதுக்குப் போய்விட்டது. "நாளைக்கு நானே வந்து பாக்கேன். இன்னொருக்க ஜனம் கத்துனா இந்த எடத்தப் பேய் வீட்டுக்காரனுக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார். முதலாளி மாடு மாதிரித் தலையாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மைக்கை அவர் வாயிலேயே திணித்திருப்பேன்.

இசக்கிச்செல்விக்கு முகம் செத்துவிட்டது. "இந்த எடமும் போச்சுன்னா நான் எங்கன போயிப் பேச, பாய்?" என்று கேட்டாள்.

மறுநாள் கண்ணாடியை சோப்பு போட்டுத் துடைத்தோம். மின்விசிறி வைத்தோம். ஆளைக் குறைத்து உள்ளே விடுவோம் என்றேன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட முதலாளிக்கு மனசில்லை. கடற்கரை குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்வரிசையில் வந்து நின்றார். இசக்கிச்செல்வி பேச ஆரம்பித்த சற்று நேரத்திலேயே மேசைக்குக் கீழே வெள்ளை பூத்தது.

"ஏலே, கீழ பாரு, ஆவி அடிக்கி" என்றான் துண்டு கட்டிய ஒருத்தன். முதலாளி செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

தலை நிதானமாக அவன் பக்கம் கண்ணைத் திருப்பியது.

"ஆவிதான் அண்ணாச்சி. என் மூச்சுல்லா அது."

"மூச்சா?"

"எனக்குத்தான் உடம்பு இல்லையே. நான் இழுக்க மூச்சு எங்கன போவும்? கழுத்து வழியா நேரா கீழதான எறங்கும். ஒங்களுக்கு வயிறு இருக்கு, உள்ள வச்சுக்கிடுதிய. நான் எங்கன வைக்க?"

கொட்டகை சிரிப்பில் வெடித்தது. அவள் விடவில்லை. கன்னத்தை உப்பி ஒரு மூச்சு இழுத்து விட்டாள். அந்தக் கூட்டத்தின் புழுக்கத்தில் கண்ணாடி இன்னும் வெளுத்தது. பெண்கள் கை தட்டினார்கள். துண்டு கட்டியவனே, "தாயி, இன்னொருக்க விடு" என்று கெஞ்சினான். எங்கள் கழுத்துக்குக் கத்தியாக வந்த ஈரத்தைப் பிடித்து அவள் வித்தையாக்கிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. பாலைவனத்தில் எத்தனையோ தைரியசாலிகளோடு லாரி ஓட்டியிருக்கிறேன், இவள் கால்தூசிக்கு ஒருத்தன் வரமாட்டான்.

கூட்டம் கலைந்ததும் கடற்கரை மட்டும் நின்றார். சாயம் வெளுத்த சுடிதாரில், மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டே இசக்கிச்செல்வி பின்பக்கத்திலிருந்து வந்தாள். பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இந்த எடம் எங்களுக்கு..."

"பெருக்கதுன்னா பொறவு பெருக்கும்மா, தள்ளி நில்லு" என்றார் அவர். என் பக்கம் திரும்பி, "பாய், அந்தப் பிள்ள எங்க? எப்பேர்ப்பட்ட பிள்ள" என்றார்.

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் அவள். அதற்குள் அவர் முதலாளியிடம் பேச்சைத் திருப்பிவிட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று இசக்கிச்செல்வி கண்ணைக் காட்டிவிட்டு, துணிக்குப் பின்னால் போனாள். முக்காலி கிறீச்சிட்டது. தாம்பாளத்தில் தலை எழும்பியது.

"அண்ணாச்சி."

கடற்கரை திரும்பினார். குடையைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "சொல்லும்மா தாயி" என்றார்.

"சீசன் முடியுற வரைக்கும் எங்களுக்கு இந்த எடம் வேணும். அடுத்த வருசமும் வேணும்."

"எடுத்துக்கோ தாயி. எடம் ஒனக்குத்தான்."

"பொறவு, இப்ப ஒங்ககிட்டப் பேச வந்தாளே ஒருத்தி, அவள நீங்க ஏறிட்டும் பாக்கல. அவகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுட்டுப் போங்க."

கடற்கரை அண்ணாச்சி சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அவளைத் தேடிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போனார்.