துண்டு கிடக்கும் சூரியன்

போனில் ஆடுகிற அண்டம் பிடிக்கும் விளையாட்டில், பிடித்த நட்சத்திர மண்டலத்தில் ஆள் நேரில் போய் உட்கார்ந்தால்தான் அது செல்லும் என்று சித்திரை மாதம் விதி வந்தது. அதன் பிறகு சிவகாசியில் பலர் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். போவது பெரிய காரியமில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு, தீப்பெட்டி ஆபீஸ் சுவர் முடிகிற இடத்தில் தெரு வளைந்தாலும் நாம் வளையாமல் நேராக நடக்க வேண்டும். வெயில் காலத்தில் செருப்பு அவசியம்.

மற்ற ஊர்க்காரர்கள் மண்டலத்தைப் பிடிக்கக் கொடி நட்டார்கள், பீரங்கி வைத்தார்கள், கண்ணிவெடி மிதக்கவிட்டார்கள். பாவம், அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். கொடியை எவனும் பிடுங்கிப் போடுவான். சிவகாசிக்காரர்கள் துண்டு போட்டார்கள். நிலையத்துக்குள் நுழைகிற பஸ்ஸோடு ஓடிக்கொண்டே ஜன்னல் வழியாகத் துண்டு வீசிப் பழகிய கைக்கு ஒரு சூரியன் எம்மாத்திரம்? கிடக்கிற துண்டைத் தள்ளிவிட்டு உட்காரத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அண்டத்தில் இதுவரை யாருக்கும் அது வாய்க்கவில்லை. துண்டு இல்லாதவர்கள் குடை வைத்தார்கள், டிபன் பாக்ஸ் வைத்தார்கள். செய்தித்தாள் மட்டும் உதவாது. காற்றில் பறந்து பக்கத்து மண்டலத்துக்குப் போய்விடும், அங்கே இருப்பவர்கள் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆவுடைச்செல்விக்குப் பேரரசு ஆசையெல்லாம் கிடையாது. அவள் காலண்டர் அச்சகத்தில் தேதித்தாள் கட்டுக்குக் கம்பிப் பின் அடிக்கிறவள். கூட வேலை பார்க்கிறவர்கள் நாற்பது மண்டலம், ஐம்பது மண்டலம் என்று பிடித்து வைத்துக்கொண்டு எந்தக் கிரகத்தில் எதை விட்டோம் என்று தெரியாமல் முழித்தார்கள். அவள் பார்த்து வைத்திருந்தது ஒரே ஒரு இரட்டைச் சூரிய மண்டலம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சூரியன்கள், நடுவில் கம்பி கிடையாது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

அவள் புருஷன் கொம்பையா கோவில்பட்டி பஸ்ஸில் கண்டக்டர். நின்றே பழகிய மனிதர். செல்வி அந்த பஸ்ஸில் போனால் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் பின் படிக்குப் போய்விடுவார். வீட்டில் நிலைப்படியில் சாய்ந்து நின்றபடி சாப்பிடுவார். விசேஷ வீடுகளுக்குப் போனால் வாளியை வாங்கிப் பரிமாற ஆரம்பித்துவிடுவார். சினிமாவுக்குப் போனபோதும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்குத் தீராத குறை. அதற்காகத்தான் இந்த விளையாட்டையே கற்றுக்கொண்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு விளையாட்டில் அந்த வாரச் சுற்று முடிகிறது. அதற்குள் இரண்டு சூரியனிலும் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலியாக இருப்பது கேட்டவருக்குப் போய்விடும். கொம்பையா மதிய டிரிப்பை முடித்துவிட்டு நேரே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். செல்வி ஒரு மணிக்கே போய், ஐந்தாவது கிரகத்துக்கு வெளியே இருந்தபடி அவருடைய துண்டை வீசினாள். அது வலப்பக்கச் சூரியனில் போய் விரிந்து விழுந்தது. அவள் இடப்பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இதமாக இருந்தது.

இரண்டு மணி வாக்கில் ஆறுகைப் பேரரசின் தளபதி பதினோராயிரம் போர்க்கப்பல்களோடு வந்தார். நல்ல மனிதர். காலணிகளை வெளிப்பாதையிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, துண்டைப் பார்த்தார்.

"ஆள் வருதாம்மா?"

"வருதுய்யா."

அவர் தலையாட்டிவிட்டுப் போய் மண்டலத்தின் விளிம்பில் நின்றுகொண்டார். மூன்று மணிக்கு மறுபடி வந்து, எதுவரைக்கும் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். சாத்தூர் தாண்டிவிட்டதாக செல்வி சொன்னாள். மூன்றரைக்கு மூன்றாம் முறை வந்தார். மூன்று தரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

"தப்பா நெனைக்காதீகம்மா. எங்க ஆளுக காலையிலருந்து நின்னுக்கிட்டே வாராக. கால் கடுக்குதுங்கிறாக."

"நாலு மணி அடிச்சா நானே துண்டை எடுத்துக்கிறேன்யா."

சொல்லிவிட்டு, கொம்பையா வருகிற வழியை எட்டிப் பார்த்தாள். அவர் வராமல் போனால் அடுத்த இரட்டைச் சூரியன் எங்கே கிடைக்கும்? இருப்பதெல்லாம் ஒற்றைச் சூரியன், இல்லையென்றால் மூன்று பேர் உட்காருவது. மூன்றாவதாக யாராவது வந்து உட்கார்ந்துகொண்டு எந்த ஊர் என்று கேட்பார்கள்.

மூன்றே முக்காலுக்குக் கொம்பையா வந்துசேர்ந்தார். தோளில் தோல்பை, காதில் பேனா. ஆனால் விளிம்பில் பதினோராயிரம் கப்பல்களும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அதைப் பார்த்ததும் தான் எதற்கு வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல பூராம் காலியாத்தான கெடக்கு? படியில நிக்காதீக."

ஆறு யுத்தங்களில் ஒரு அடி பின்வாங்காத கப்பல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தன. அவர் ஒவ்வொன்றின் முதுகிலும் தட்டித் தட்டி அனுப்பினார்.

"ஏங்க! இங்க வந்து உக்காருங்க!" என்று செல்வி கத்தினாள்.

"இந்தா, இந்த நாலு வரிசைய மட்டும் தள்ளிவிட்டுட்டு வந்திருதேன்."

நாலு வரிசை ஏழு வரிசையாயிற்று. இன்னும் இரண்டு நிமிஷம்தான் இருந்தது. செல்வி பாதி எழுந்தாள். அவளுடைய சூரியன் அரை வெளிச்சமாகக் குறைந்தது.

"பத்தொம்பது வருசமா நிக்கிறீக. இன்னைக்கு ஒரு நாளு எம்பக்கத்துல உக்காருங்க. இல்லைன்னா நானும் எந்திரிச்சு வந்திருதேன். ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே சாவோம்."

கொம்பையா தட்டுவதற்காகத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். தளபதி அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"நீங்க போங்க அண்ணாச்சி. மிச்சத்தை நான் உள்ள அனுப்பிக்கிறேன்."

வாயை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் அந்தச் சூரியன் தளபதிக்கே போயிருக்கும். ஆனாலும் ஆள் வந்த பிறகு இடத்துக்கு ஆசைப்படுவது அவர்கள் பரம்பரையில் கிடையாது.

கொம்பையா வந்து துண்டை எடுத்தார். அதாலேயே சூரியனை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஓரத்தில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தார். ஒரு கால் இன்னும் வெளியே இருந்தது. மணி நான்கு ஆயிற்று. சுற்று முடிந்தது. மண்டலம் அவர்கள் இருவர் பெயருக்கும் வந்தது.

கொம்பையா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அவர் கேட்டார்.

"உக்காந்தா இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான் இருக்கும்."

அவர் வெளியே இருந்த காலையும் உள்ளே இழுத்துக்கொண்டார். செல்விக்குச் சந்தோஷத்தில் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வருஷம் பிப்ரவரிக்கு முப்பதாம் தேதித் தாளையும் வைத்துப் பின் அடித்துவிட்டதையும், யாரும் கண்டுபிடிக்காமல் ஊரே அன்றைக்கு வேலைக்குப் போய் வந்ததையும் சொன்னாள். அன்றைக்குக் கூட்டம் குறைவாக இருந்தது தனக்கு நினைவிருக்கிறது என்றார் அவர்.

அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தளபதி லேசாகக் குனிந்தார். வளையம் போட்ட அவருடைய தலைநகரக் கிரகம் கையில் இருந்தது.

"இதைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீகளாம்மா? எறங்கும்போது வாங்கிக்கிறேன்."

செல்வி காலை ஒடுக்கிக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து அவருக்குப் பின்னால் நின்றவர் இரண்டு நிலாக்களைக் கொடுத்தார். நீலத்தோல் கூட்டணிக்காரர் ஒருவர் கூச்சப்பட்டுக்கொண்டே எட்டு மண்டலங்களை ஒன்றாகக் கட்டி நீட்டினார். கொம்பையா அதைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார். மூலையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு அரசுகளும், கை வலிக்கிறது என்று சொல்லி, சண்டைக்குக் காரணமான நட்சத்திரத்தையே கொடுத்துவிட்டன. ஐந்து மணிக்குள் அண்டத்தில் பெரும்பகுதி அவர்கள் மடியில் இருந்தது. மிச்சம் காலடியில் இருந்தது.

கடைசியாகப் பின்னாலிருந்து, கை மாறிக் கை மாறி, ஒரு சின்னச் சூரியன் வந்தது. வாங்கும்போதுதான் அது தூங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. கொம்பையா அதைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அதன் பிறகு இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள்.