காம்பராவுக்கு எத்தனை அடுப்பு

"எம் பேரு இருக்குதாங்களா?" என்று ராசம்மா மூன்றாவது முறையாகக் கேட்டாள். சுலக்ஷனா திரையில் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். ஒன்பதாம் லயம், நாலாம் காம்பரா: தோட்டத்து வரிசைவீடுகளில் ஓர் ஒற்றையறை வீடு. அங்கே ராசம்மாவின் கொழுந்தன் செல்லசாமி இருந்தார், அவருடைய பெண்சாதி பிள்ளைகள் இருந்தார்கள். புருஷனை இழந்த ராசம்மாவும் அவளுடைய இரண்டு பெண்களும் இல்லை. இத்தனைக்கும் அவளுடைய படிவம், கைநாட்டோடு மேசைமேல்தான் கிடந்தது. போன வாரமே கணினியில் ஏற்றியாயிற்று என்று அதில் பச்சை மையில் குறியும் இருந்தது.

அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. ஆனி மழையில் மேல்கந்தைத் தேயிலைத் தோட்டத்தின் மலைச்சரிவு பிளந்து, லயங்களில் பாதிக்கு மேல் விரிசல் கண்டிருந்தது. குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டித்தர ஓர் அமைப்பு முன்வந்து, இலங்கை மலையகத்து ஹட்டனில் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் போட்டது. பட்டியல் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் போயாக வேண்டும். அதில் பெயரில்லாதவர்களுக்கு வீடும் இல்லை. அன்றைக்குச் செவ்வாய்.

"நாளான்னிக்கு வாங்கக்கா. ஒங்க பேரு இருக்கும்" என்று ராசம்மாவை அனுப்பிவிட்டு, சுலக்ஷனா படிவங்களை எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு. கணினியிலோ முந்நூற்று ஒன்று. நூற்றுப் பதினொரு குடும்பங்களை ஏதோ விழுங்கியிருந்தது, ஏப்பம்கூட விடாமல். ஒரு பிழைச்செய்தியாவது வந்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது.

அந்த மென்பொருளை எழுதியது அவள்தான். தரவுத்தளத்தில் இருப்பதெல்லாம் கட்டம்போட்ட அட்டவணை. நிரலுக்கோ ஆள் வேண்டும், வீடு வேண்டும், பிள்ளைகள் வேண்டும். அட்டவணையின் ஒரு வரியை ஒரு குடும்பமாக்கித் தரவும், குடும்பத்தை மறுபடி வரியாக்கிச் சேமிக்கவும் இடையில் ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, இருந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டிருந்த சாமான். இலவசமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கியது தன் தப்பு என்று முதலில் அவள் நினைத்தாள்.

புதன்கிழமை முழுக்க அந்த லைப்ரரியின் மூல நிரலைக் கோப்புக் கோப்பாகப் படித்தாள். மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது. பின்னேரம் போல விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாவி. லய எண்ணும் காம்பரா எண்ணும் சேர்ந்ததே சாவி. அதே சாவியோடு இன்னொரு படிவம் வந்தால், இது பழைய ஆள்தான், திருத்தம் வந்திருக்கிறது என்று லைப்ரரி எண்ணிக்கொண்டு முதலில் இருந்ததன்மேலேயே எழுதிவிடும். ராசம்மாவின்மேல் செல்லசாமியை எழுதியது அப்படித்தான். அந்தச் சாவியைத் தீர்மானித்தது லைப்ரரி இல்லை, சுலக்ஷனா. எய்தவள் இங்கே உட்கார்ந்துகொண்டு அம்பை நொந்திருக்கிறாள். லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த பெண், ஒரு காம்பராவில் ஒரு குடும்பம்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறாள்! அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அலுவலகப் பொறுப்பாளர் குகநேசன், யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர், பக்கத்தில் வந்து நின்றார். "இதுக்கு ஏன் பிள்ளை மண்டையை உடைக்கிறீர்? நாலு ஏ, நாலு பி எண்டு போட்டு விடுமன்."

"அப்படி ஒரு காம்பரா தோட்டத்துப் பதிவுல இல்லைங்க சார். பட்டியலச் சரிபாக்க வர்றவங்க இது பொய்யின்னு வெட்டிப்புடுவாங்க."

"அப்ப ஒரு தொடர் இலக்கம் குடுத்தா என்ன?"

"திருத்தின படிவம் வந்தா அது எந்தக் குடும்பத்தோடதுன்னு தெரியாதுங்க. ஒரே குடும்பம் ரெண்டாயிரும்."

குகநேசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடும்பத் தலைவரின்ர பேர்?" என்று கேட்டார். ஒரே பெயரில் மூன்று பேர் ஒரு லயத்தில் இருக்கும் ஊரில் அதுவும் எடுபடாது என்று அவருக்கே தெரியும். "சரி, உம்மட யோசனையைச் செய்யும்" என்று போய்விட்டார்.

யோசனையைக் கொடுத்தது ராசம்மா. வியாழன் காலையில், சொன்னபடியே வந்து நின்றாள். ஒரு காம்பராவுக்குள் யார் எந்தக் குடும்பம் என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்று சுலக்ஷனா கேட்டதும், இது ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தாள். "அடுப்ப வச்சுத்தாங்க. மகனுக்குக் கண்ணாலம் கட்டி முன்வாசல் இஸ்தோப்ப பலகையடிச்சுக் குடுத்தாலும், அவங்க தனியா ஒல வச்சாத்தான் தனிக் குடும்பம். எம் புருசன் போனப்பறம் நான் பின்னால தகரம் போட்டு அடுப்பு வச்சிருக்கேன். காம்பரா ஒன்னு, அடுப்பு ரெண்டு."

படிவத்தில் பதினோராவது கேள்வியே அதுதான். அடுப்பு எங்கே: சமையல் குசினியிலா, இஸ்தோப்பிலா, பின்பக்கமா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

ஆனால் அந்த லைப்ரரிக்குச் சாவியில் இரண்டு பகுதிதான் தெரியும், மூன்றாவதைக் கொடுத்தால் முரண்டு பிடித்தது. பிடிக்கட்டும் என்று சுலக்ஷனா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அதில் சாவிக்கான நிரல் பகுதியை அடியாக வைத்துத் தன்னுடையதாக ஒன்று எழுதினாள்: லயம், காம்பரா, அடுப்பு. ஐந்து படிவங்களைப் போட்டுப் பார்த்தாள். குடும்பங்கள் சரியாக வந்தன. ராசம்மாவின் பெண்கள் மட்டும் செல்லசாமியின் பிள்ளைகளாகப் போயிருந்தார்கள். பிள்ளைகளைப் பெற்றோரோடு சேர்க்கும் இடத்தில் லைப்ரரி இன்னும் பழைய இரண்டு பகுதியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தையும் மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். பிறகு பழையதை அழித்துவிட்டு, தட்டச்சுப் பிள்ளைகள் மூவரோடு தானும் உட்கார்ந்து எல்லாப் படிவங்களையும் ஏற்றினாள். விரல் மரத்தாலும் அவள் எழுந்திருக்கவில்லை. நாலரை மணிக்குத் திரையில் நானூற்றுப் பன்னிரண்டு வந்து நின்றது. ராசம்மா, பெண்கள் இருவர், பின்பக்கம். சுலக்ஷனாவுக்கு உரக்கச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, சிரித்தும்விட்டாள்.

சிரித்த வாய் மூடுவதற்குள் கண் பன்னிரண்டாம் லயத்துக்குப் போனது. இரண்டாம் காம்பரா, அவளுடைய சொந்த வீடு. மீனம்மா, மகன் பிரதாப், மருமகள் பாக்கியம், பேரப்பிள்ளைகள் இருவர், மகள் சுலக்ஷனா. அடுப்பு: குசினி. ஒரே படிவம், அவளுடைய கையெழுத்து. லைப்ரரி இதில் ஒன்றையும் விழுங்கவில்லை. விழுங்கியது அவள்.

அண்ணி இஸ்தோப்பில் தனியாகச் சமைத்து ஒன்றரை வருடமாகிறது. ஒரு தீபாவளிக்கு ஆரம்பித்த வாய்ப்பேச்சு, அம்மாவும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அளவுக்கு முற்றிப்போயிருந்தது. வெளியில் யார் கேட்டாலும் அம்மா, "நாங்க எல்லாம் ஒரே அடுப்புதான்" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஒற்றை மகன் பிரிந்துவிட்டான் என்று லயம் பேசக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. கேட்டுக் கேட்டு சுலக்ஷனாவின் கையும் அதையே எழுதியிருக்கிறது. சாவி எழுதிய கையும் அதுதானே. இப்படியே போனால் அண்ணனுக்கு வீடில்லை. அம்மாவைக் கேட்காமல் இன்னொரு படிவத்தை நிரப்பிவிடலாம். பிறகு விசாரிக்க வருகிறவர்களிடம் அம்மா ஒரே அடுப்பு என்று சாதித்தால், இரண்டு வீடும் போகும்.

வெள்ளி விடிந்ததும், வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் வெற்றுப் படிவத்தோடு போய் நின்றாள்.

"அம்மா, நம்ம காம்பராவுல எத்தன அடுப்பு?"

மீனம்மா கூடைக் கயிற்றைச் சரிசெய்தாள். "தெரியாத மாதிரி கேக்குற. ஒன்னு."

"ஒன்னுன்னு போட்டா ஒரு வீடுதாம்மா. அண்ணன் புள்ளைங்க இந்த வெடிச்ச செவுத்துக்குக் கீழதான் படுக்கணும். நான் இனிமே பொய் எழுத மாட்டேன். நீ சொல்லு, எழுதுறேன்."

"ரெண்டுன்னு சொன்னா நாளைக்கு ஊரு என்னா பேசும்?"

"பேசட்டும்மா."

மலையில் கொம்பு ஊதியது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. மீனம்மா வாசல்வரை போனாள், நின்றாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிள்ளைகளில் ஒன்று இருமியது. அம்மாவின் முதுகு மட்டும்தான் சுலக்ஷனாவுக்குத் தெரிந்தது.

"அடியே பாக்கியம்" என்றாள் மீனம்மா. ஒன்றரை வருடத்தில் அந்தப் பெயரை அவள் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "இவ என்னமோ எழுதணுமாம். வந்து ஒன் அடுப்பக் காட்டு."

அந்தப் பக்கம் பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. தடுப்பில் ஒன்றரை வருடமாகச் சாத்திக் கிடந்த கதவுப் பலகையை யாரோ உள்ளிருந்து நகர்த்தினார்கள். இடைவெளி வழியே முதலில் புகைதான் வந்தது.