தோண்டலாமென்று போட்டிருக்கிறது

மனுசனையே நம்பாத கருப்புசாமி கம்ப்யூட்டர் பெட்டியை எங்கே நம்பப்போகிறார்? ஆனாலும் காந்திபுரத்தில் மாடிப்படி ஏறி வந்து, ராமுலு நடத்துகிற பிரவுசிங் சென்டரில், வக்கீல் ராமாமணிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வராமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மகன் மயில்சாமி தறிக்குடோனில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். நூல் காணோம் என்று முதலாளி சொல்ல, டேசனுக்குக் கூட்டிப் போனார்கள். விடிந்ததும் வயித்துவலியில் செத்துப்போனான் என்று ஆள் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் பிணம் அறுக்கிற இடத்தில் அப்பனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். துணி சுற்றிக் கொடுத்தபோது, "அவுத்துப் பார்க்காதய்யா, மின்மயானத்துக்கு வண்டி நாங்களே தாரோம், எரிச்சுப்போட்டு ஊடு போய்ச் சேரு" என்று ஏட்டு சொன்னார். போலீசுக்காரன் வண்டி தருகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று எவனுக்கும் தெரியும். கருப்புசாமிக்கு அன்றைக்கு அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. "கல்யாணமாகாதவனெ எரிக்கறது எங்க வழக்கமில்லீங்க" என்று மட்டும் சொன்னார். ஊர் மயானத்தில் புதைத்தார்கள்.

அந்த உடம்பை மறுபடி வெளியே எடுத்து, வேறு டாக்டரை வைத்துப் பார்க்கச் சொல்லி கோர்ட்டில் கேட்கலாம் என்பது ராமாமணியின் யோசனை. அதற்கு அப்பன் சம்மதம் வேண்டும். நாள் தள்ளத் தள்ள மண் தின்றுவிடும்.

டெலிபோன் வயரில் பூனை கத்துவது போல ஒரு சத்தம் வந்து அடங்கியது. திரையில் எழுத்து மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கியது.

"ஏனுங்க, இவ்வளவு மெதுவாவா?" என்றார் கருப்புசாமி.

"அமெரிக்கால இருந்து வரோணுமில்லீங்க பெரியவரே," என்றான் ராமுலு. "வால்பாறை பஸ்ஸாட்ட வளைஞ்சு வளைஞ்சுதான் வரும். நடுவுல வாந்தியெடுக்காம வந்தாச் சரி."

கருப்புசாமி சிரிக்கவில்லை. ராமுலு வாயை மூடிக்கொண்டு தன் டேபிளுக்குப் போனான்.

"கோயமுத்தூர்ல எந்த லைப்ரரியிலயும் இந்தச் சட்டப் பொஸ்தகம் எனக்குக் கிடைக்கலீங்கய்யா," என்றாள் ராமாமணி. "அமெரிக்கால ஒரு காலேஜ்ல மனித உரிமைச் சட்டமெல்லாம் இதுல போட்டு வெச்சிருக்காங்க. ஐநா சபை சொன்னது. இதோ பாருங்க."

"எனக்கு என்ன தெரியும் பார்க்கறதுக்கு? நீங்களே சொல்லுங்கம்மணி."

அவள் விரல் வைத்து வைத்துச் சொன்னாள். "புதைச்ச பிறகு சந்தேகம் வந்துச்சுன்னா, தாமசிக்காம உடம்பை முறையா வெளிய எடுத்துப் பரிசோதிக்கோணும்னு போட்டிருக்குது."

"யாரு எழுதுனது?"

"பல நாட்டுக்காரங்க கூடி."

"டேசன்லயும் எழுதித்தான் வெச்சிருக்கறாங்க, வயித்துவலின்னு. அதும் எழுத்துத்தான், இதும் எழுத்துத்தான். நீங்க எதைக் கேட்டாலும் இந்தப் பெட்டி அதையே எழுதிக் காட்டுமாட்ட இருக்குது."

"அப்படி இல்லீங்கய்யா."

"அப்ப ஒண்ணு கேளுங்க. என்றெ மகன் எப்படிச் செத்தான்னு கேளுங்க."

ராமாமணி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அது இதுல இல்லீங்க. அது மண்ணுக்குள்ள இருக்குது."

கருப்புசாமி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை நாளில் இப்படி நேராக யாரும் பேசவில்லை. சாதிசனம், கட்சிக்காரன், பேப்பர்காரன் எல்லோரும் நியாயம் கிடைக்கும் கிடைக்கும் என்றுதான் சொல்லிப் போனார்கள்.

"இதைக் காட்டுனா ஜட்ஜு ஒத்துக்குவாரா?"

"நம்ம ஊருச் சட்டம் தனிங்க. இது அதுக்கு முட்டுக் குடுக்கறதுதான். ஒத்துக்கலாம், வெளிய போன்னும் சொல்லலாம். ஜெயிக்கும்னு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனா நீங்க அன்னிக்கு எரிச்சிருந்தா, இதைக் கேக்கறதுக்கே வழி இல்லீங்க."

"நாங்க ஒண்ணும் தெரிஞ்சு செய்யலைங்க. வழக்கம்."

"பரவாயில்லீங்க. உடம்பு இருக்குதில்ல."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சி ஊர்ந்த மாதிரி எழுத்து.

"தோண்டி எடுத்தா மறுக்கா எங்ககிட்டத் தருவாங்களா? இல்ல, அங்கியே எரிச்சுப்போடுவாங்களா?"

அவள் கீழே தள்ளித் தள்ளித் தேடினாள். பாதியில் லைன் அறுந்தது. ராமுலு ஓடிவந்து மறுபடி போட்டுக் கொடுத்தான். திரும்பவும் பூனை கத்தியது.

"இருக்குதுங்க. விசாரணை முடிஞ்சதும் குடும்பத்துகிட்டயே ஒப்படைக்கோணும். அதோட, பரிசோதிக்கறப்ப உங்க தரப்பு டாக்டர் ஒருத்தர் கூட நிக்கோணும்னு கேக்கவும் உரிமை இருக்குது."

"நம்ம ஆளு உள்ள நிக்கலாமா?"

"நிக்கலாம்னுதான் போட்டிருக்குதுங்க. மனுவுல அதையும் கேப்பேன். குழியை எடுக்கறப்ப நீங்க இருக்கோணும்னும் கேப்பேன்."

அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. "அதையே முதல்ல எழுதுங்க," என்றார். "கருப்பாத்தாகிட்டச் சொல்லிப்போட்டு வாரேன். அவ ஒண்டி சம்மதிக்கோணும். பெத்தவ."

ராமுலு அந்தப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்தான். கருப்புசாமி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தப்பான வேலை செய்யப்போகிறோமா என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. புதைத்தவனை எழுப்பினால் குலத்துக்கே ஆகாது என்று பங்காளிகள் பேசுவார்கள். பேசட்டும். செத்தவன் அவர்கள் வீட்டில் இல்லை.

கருப்பாத்தாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவர் மொட்டையாகத்தான் சொன்னார், சுற்றி வளைக்கத் தெரியாது. அவள் கொடுவாளைக் கீழே வைத்தாள். அழவில்லை. ஒப்பாரியெல்லாம் அன்றைக்கே முடிந்துபோயிருந்தது.

"அந்த வக்கீலம்மா சொன்னது நெசமுங்களா?"

"பொய் சொல்ற மூஞ்சியாத் தெரியல. ஜெயிக்கும்னு சொல்லமாட்டேன்னு சொன்னா."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எவனோ வந்து கண்ட பக்கம் கொத்துவானுங்க. முகத்துல மண்வெட்டி படக்கூடாதுங்க. தல தெக்கால இருக்குதுன்னு நீங்க நின்னு சொல்லோணும்."

"சொல்றேன்."

"மொதல்ல கால்மாட்டுல இருந்து எடுக்கச் சொல்லுங்க. மேல வந்தா கையால அள்ளச் சொல்லுங்க."

"நானே அள்ளறேன் புள்ளே," என்றார் கருப்புசாமி.