மண்ணுக்கு மடி பார்த்தவர்

கரமனை அக்ரஹாரத்தில் ராமசுப்ரமணியன் ஈர வேஷ்டியோடு கொல்லைக் கத்தரிப் பாத்தியில் பினாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று மூன்றாவது நாள். நாற்று இன்னும் நடவில்லை. வெறும் மண்ணுக்குத்தான் இந்த அபிஷேகம்.

"ஏன்னா, மண்ணுக்கென்ன வியாதி?" என்று கேட்டாள் மனைவி சாவித்ரி.

"ஒரு சிட்டிகை மண்ணுல கோடிக் கிருமி இருக்காம். ஆபீஸ்ல துண்டுப் பிரசுரம் வந்திருக்கு. நானே இருபது காப்பி எழுதினேன், கேட்டியா."

அவர் சர்க்கார் சுகாதார ஆபீஸில் குமாஸ்தா. கிருமி என்ற வார்த்தையை இருபது தடவை எழுதியதில் இருபது மடங்கு பயம் பிடித்துக்கொண்டது. ஆசாரம் மிகுந்த மனிதர் வேறு. வீட்டுக்கும் உடம்புக்கும் மடி பார்த்தவர், இப்போது மண்ணுக்கும் மடி பார்க்க ஆரம்பித்துவிட்டார். பினாயிலுக்குப் பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீர். எருக்குழியையும் மூடிவிட்டார்.

சாவித்ரியின் கவலை வேறு. வைகாசியில் மகள் சுப்புலக்ஷ்மிக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று சாவித்ரி தன் தோட்டத்துக் கத்தரிக்காயில் வைத்த ரசவாங்கியை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட சம்பந்தி, கல்யாணத்துக்கும் இதே காய்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சீர்வரிசை விஷயத்தில்கூட அவர் இத்தனை கண்டிப்புக் காட்டவில்லை. சாவித்ரியும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

நெடி போனபின் நாற்பது நாற்று நட்டு, கரமனை ஆற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள். மிஞ்சியதை வேலிக்கு அப்பால் பிச்சுமணியிடம் கொடுத்தாள். தெருவிலேயே பெரிய சோம்பேறி பிச்சுமணி. எச்சில் இலை, சாணி, சருகு எல்லாம் அவர் கொல்லையில் விழுந்த இடத்திலேயே மக்கிக் கிடக்கும். அதற்கு நடுவே நாற்றுகளைக் குத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

முழங்கால் உயரம் வந்ததும் ராமசுப்ரமணியனின் செடிகள் பச்சை மாறாமலே தலையைத் தொங்கப்போட்டன. ஒரே வாரத்தில் நாற்பதும் போயின. பிச்சுமணியின் செடிகளோ பூவும் பிஞ்சுமாகக் குலுங்கின.

"நான் ஒண்ணுமே பண்ணலையே ஓய்!" என்றார் பிச்சுமணி. அவர் வாழ்நாளில் சொன்ன மிகப் பெரிய உண்மை அது.

"சம்பந்தியாத்துக்கு என்ன பதில் சொல்வேன்?" என்று சாவித்ரி அழுதேவிட்டாள். அதைத் தாங்க முடியாமல் ராமசுப்ரமணியன் வாடிய செடி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, ஆபீஸை அடுத்த பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் சத்தியநேசனிடம் ஓடினார்.

நாஞ்சில் நாட்டுக்காரரான சத்தியநேசன் தண்டை நறுக்கி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினார். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை ஒன்று மெல்ல இறங்கியது.

"பாத்தியளா சாமி? அம்புட்டும் வாடல் கிருமி."

"நான்தான் எல்லாத்தையும் கொன்னேனே!"

"அதுதான் கொழப்பம். இந்தக் கிருமி ஆத்துத் தண்ணியில திரும்ப வந்துட்டு. இத அடக்கி வைக்கிய வைரஸு மண்ணுல கெடந்துல்லா? கிருமியவிடப் பொடிசு, மைக்ராஸ்கோப்புலயே தெரியாது. கிருமிக்குள்ள பூந்து பெருகி, அத ஒடச்சிரும். ஒடஞ்சது மண்ணுக்கு உரம். நீங்க கள்ளனையும் போலீஸையும் சேத்துல்லா கொன்னிருக்கிய. கள்ளன் மட்டும் திரும்பி வந்துட்டான்."

"வைரஸ்னாலே வியாதின்னாக்கும் நெனச்சேன்!"

"செலது வியாதிதான். மண்ணுல கெடக்கியதுல முக்காவாசிக்கு நம்மள யாருன்னே தெரியாது சாமி. பினாயிலு படாத மண்ணும் மக்கின குப்பையும் கொண்டு போடுங்க."

அந்த மண் பிச்சுமணியிடம்தான் இருந்தது. கல்யாணத்துக்கான காயும் அங்கேதான் இருந்தது.

"ரெண்டும் எடுத்துண்டு போம் ஓய். ஆனா நீரே குனிஞ்சு எடுக்கணும், என்னால ஆகாது" என்றார் பிச்சுமணி.

மறுநாள் பட்டப்பகலில், பக்கத்து வீட்டு எச்சில் இலை மக்கிய மண்ணைத் தலையில் சுமந்துகொண்டு ராமசுப்ரமணியன் வந்த கோலத்தைத் தெருவே நின்று பார்த்தது.

கல்யாணப் பந்தியில் சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு ரசவாங்கியை ரசித்தார். "மாமி வாக்குத் தவறலை! உங்க தோட்டத்து ருசியே தனி!"

சாவித்ரி தலையைக் குனிந்துகொண்டாள். ராமசுப்ரமணியன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"மாமா, இது பக்கத்தாத்துக் காய். இவ தோட்டத்தை அழிச்சது நான்தான். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் சத்ருன்னு நெனச்சுக் கொன்னேன். நமக்குச் சோறு போடறதும் கண்ணுக்குத் தெரியாமத்தான் இருக்கு. எதையும் ஒழிக்கறதுக்கு முன்னாடி, அது நமக்காக என்ன வேலை பார்க்கறதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கணும் மாமா. நான் மண்ணையும் கேக்கலை, இவளையும் கேக்கலை."