விடியலில் போகும் கரண்ட்

மார்கழிக் குளிர் நமுனுகுல மலையிலிருந்து இறங்கி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் குடியேறிய நாளிலிருந்து, விடிகிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. மழை காற்று என்றால் இராக்கம்மா வாயைத் திறந்திருக்க மாட்டாள். ஆனால் கீழ் லயத்தில் பல்ப் எரியும். இவர்கள் லயம் மட்டும் இருட்டில் கிடக்கும். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே பியூஸ். அது கருகினால் தோட்டத்து எலக்ட்ரீசியன்தான் மாற்ற வேண்டும். அந்த மகராசன் காலையில் ஆள் பேர் கூப்பிடுகிற பெரட்டு கலைந்து, தேத்தண்ணீரும் குடித்துவிட்டுத்தான் வருவார்.

அதுவரை கணபதியின் மூச்சு காத்திருக்குமா? இராக்கம்மாவின் புருஷனுக்கு இழுப்பு வியாதி. விடியலில்தான் அது நெஞ்சைப் பிடிக்கும். மருந்துப் புகை பிடிக்கிற மெஷின் வீட்டில் இருந்தது. கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. ஒருநாள் உதடு நீலம் பாரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மனுஷன் நின்றுவிட்டார்.

யாரோ களவாகத் தண்ணீர் சுடவைக்கிறார்கள். இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வாளிக்குள் போடுகிற கொயிலைச் செருகினால் அந்தப் பழைய வயர் தாங்காது. மகன் ரமேஸ்கூடத் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து அப்படி ஒன்று கொண்டுவந்தான். "லயத்தையே கொளுத்தப் பாக்குறியா?" என்று திட்டி, திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள். கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய தேயிலைக் குச்சி, மிலாறு, கட்டுக்கட்டாக இருக்கிறது. இரவில் அடுப்பில் பானையை ஏற்றி வைத்தால், விடியலில் அவள் மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்துவிட்டு வரும்போது கணபதி இதமான சுடுதண்ணீர் எடுத்து வைத்திருப்பார். "தணல் கெடக்கு புள்ள" என்பார். இதற்குமேல் என்ன ஹீட்டர் வேண்டும்?

அப்படியானால் யார்? ஒவ்வொரு கதவாக ஓடிய அவள் கண், அடுத்த வீட்டு றோசாலியிடம் போய் நின்றது. றோசாலியின் மகள் ஜெசீகா பிள்ளை பெற்று வந்திருந்தாள். காலையில் அவர்கள் வாசல் கான் வாய்க்காலில் அழுக்குத் தண்ணீரோடு ஆவி பறக்கும். கேட்டால் கேஸ் அடுப்பு என்பார்கள். நம்புவதற்கு இவள் என்ன கேணையா?

பீலியடியில் வைத்தே கேட்டுவிட்டாள்.

"ஒம் பேரப்புள்ள குளிக்க எம் புருசன் மூச்சு நிக்கணுமா, றோசாலி?"

குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். றோசாலியின் முகம் செத்துப்போயிற்று.

"மாதா மேல சத்தியமா எங்க வீட்ல அப்பிடி ஒரு சாமானே இல்லக்கா. வந்து பாருங்க."

"ஒளிச்சு வைக்கத் தெரியாதவளா நீ?"

அன்றிலிருந்து றோசாலி படுக்கும்போதே தன் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பச்சைப் பிள்ளைக்குத் துணி மாற்றினார்கள். அப்படியும் மறுநாள் கரண்ட் போனது. வேறொருத்தி என்றால் அத்தோடு விட்டிருப்பாள். இராக்கம்மாவோ, மெழுகுவர்த்தி ஊருக்குக் காட்டத்தான் என்று முடிவு கட்டினாள்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அடுத்த விடியலில் பீலிக்குப் போவதுபோல் இறங்கி, பாதி வழியில் திரும்பி வந்து றோசாலி வீட்டு ஜன்னலோரம் பதுங்கினாள். உள்ளே மெழுகுவர்த்தி, பிள்ளையின் சிணுங்கல், தாலாட்டு. வேறு சத்தமில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லயம் முழுக்க இருண்டது.

வீட்டுக்கு ஓடினாள். கணபதி கட்டிலில் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தார். முதுகைத் தடவி, மருந்துப் பம்பை வாயில் அடித்து, மூச்சு கொஞ்சம் படிந்த பிறகுதான் பானையில் கை வைத்தாள். கொதிக்கக் கொதிக்க இருந்தது. மொண்டு முகத்தருகே கொண்டுபோனவள் நின்றுவிட்டாள்.

அடுப்பில் காய்ந்த தண்ணீர் என்றால் புகை மணக்கும். இதில் ஒரு மணமும் இல்லை. சாம்பலுக்குள் விரலை விட்டாள். சில்லென்று இருந்தது. மிலாறு சடசடவென்று எரிந்து அடங்கிவிடும், தணல் தங்காது. கட்டை விறகு மழையோடு தீர்ந்துபோய் எத்தனை நாளாயிற்று! இத்தனை வருஷம் அடுப்பு ஊதியவளுக்குத் தெரியாத சங்கதியா இது? சூடு கிடைத்த சுகத்தில் கேட்கத் தோன்றவில்லை.

"எங்க வச்சிருக்கீங்க?"

கணபதி அரிசி டின்னைக் காட்டினார். அவர் உடுத்துகிற பழைய சாரத்தில் சுற்றியிருந்த கொயில் இன்னும் சூடாக இருந்தது.

"ரமேஸ்தான் வச்சிட்டுப் போனான்... வெரலு வெரைச்சு, கொழுந்து எடுக்க முடியலன்னு அழுதியே புள்ள... எனக்கு இழுப்பு புதுசா?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"நான் றோசாலிய நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டப்ப ஒங்க வாயி எங்க போச்சு?"



அந்தத் தண்ணீரில் முகம் கழுவ அவளுக்கு மனம் வரவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கானில் கவிழ்த்தாள். குபுகுபுவென்று ஆவி எழுந்தது. அது கலைந்தபோது எதிரே குடத்தோடு றோசாலி நின்றாள். பின்னால் பீலிக்குப் போகிற பெண்கள். றோசாலி கானைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள்.

"கேஸ் வாங்கிட்டீங்களாக்கா?"

இராக்கம்மா உள்ளே போய்க் கொயிலை எடுத்து வந்து, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.