தராசுக்கு வைத்த முகூர்த்தம்

திருப்பரங்குன்றத்தில் தேசிய மருந்துத் தர ஆய்வகத்துக்கு இயக்குநர் வசுந்தரா கட்டடம் பார்க்க வந்தது ஆடி மாதம். பக்கத்துக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. அமைதியான இடம் என்று மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். கருவிகளெல்லாம் வந்து இறங்கிய பிறகு ஆவணி பிறந்தது. அப்போதுதான் பக்கத்தில் இருப்பது கல்யாண மண்டபம் என்று தெரிந்தது.

ஆய்வகத்தின் தராசு ஒற்றைத் தலைமுடியைக்கூட நிறுத்துச் சொல்லும். ஆனால் மண்டபத்தில் செண்டை மேளம் தொடங்கினால் அதன் திரையில் எண்கள் குதியாட்டம் போட்டன. ஒரே காய்ச்சல் மாத்திரை ஒரு நிமிடம் இளைத்தது, மறு நிமிடம் பெருத்தது. தில்லியிலிருந்து வரும் ஆய்வு அதிகாரி நேரில் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் ஆய்வகம் தொடங்க முடியும். அவர் வருவதாகச் சொன்ன நாளும் முகூர்த்த நாள்.

வசுந்தரா மண்டப உரிமையாளர் அழகுபாண்டியைப் போய்ப் பார்த்தார்.

"வாங்க மேடம். கல்யாணம் பொண்ணுக்கா, பையனுக்கா?"

"தராசு விஷயமா வந்தேண்ணே."

அழகுபாண்டி முன்பதிவு நோட்டிலிருந்து நிமிர்ந்தார். "அதுக்கெல்லாமா கல்யாணம் வைக்கிறாங்க?"

விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் இரண்டு காபி ஆகிவிட்டது. "நாங்க மேளம் அடிச்சா ஒங்க மாத்திரை எடை கூடுதாக்கும்! இம்புட்டுதான? நிறுக்கும்போது ஒரு மிஸ்டு கால் குடுங்க. மேளத்த நிறுத்திப்புடுறேன்" என்றார்.

ஆய்வு நாளன்று காலை தில்லி அதிகாரி அனந்தநாராயணன் தாமதமாக வந்தார். கல்யாணத்துக்கு வந்த வண்டிகளே தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. அவர் தராசின் முன் உட்கார்ந்தபோது பக்கத்தில் தாலி கட்டும் நேரம். வேறு வழியில்லாமல் வசுந்தராவின் உதவியாளன் சாய்பிரசாத் மிஸ்டு கால் கொடுத்தான்.

மேளம் சட்டென்று நின்றது. ஆனால் எண்கள் நிற்கவில்லை. மண்டபத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சாய்பிரசாத் ஜன்னல் வழியாகக் கத்தினான். "அண்ணே, இன்னும் ஆடுது!"

அழகுபாண்டி மைக்கைப் பிடுங்கினார். "யாரும் அசையாதீங்க! பக்கத்துல மருந்து நிறுக்குறாங்க! மாப்ள, கைய அப்படியே வச்சுக்கங்க!"

மாப்பிள்ளை கோகுல்நாத் தாலியைத் தூக்கிப் பிடித்தபடி சிலையானார். அட்சதை போட ஓங்கிய கைகள் ஓங்கியபடியே இருந்தன. சாம்பார் வாளியோடு பந்தியில் ஓடியவர் ஒற்றைக் காலில் நின்றார். தராசின் எண்கள் மெல்ல அடங்கி, அசையாமல் நின்றன.

வசுந்தராவுக்கு உயிர் வந்தது. "பாருங்க சார்!"

"பேஷ்" என்றார் அனந்தநாராயணன். "அடுத்த மாத்திரையை வையுங்கோ."

"அடுத்ததா?"

"விதிப்படி இருபது நிறுக்கணுமே."

சாய்பிரசாத் ஜன்னலுக்கு ஓடினான். "அண்ணே, இன்னும் பத்தொம்பது இருக்கு!"

மணப்பெண் இசைவாணி குனிந்த தலையை நிமிர்த்தினாள். "யோவ், அவங்க கடையே நடத்தட்டும். நீ கட்டுய்யா மொதல்ல!"

அந்தக் குரல் மைக்கில் விழுந்து தெரு முழுக்கக் கேட்டது. அதிகாரியே பதறிப்போய் எழுந்தார். "ஐயோ, கட்டச் சொல்லுங்கோ. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

கெட்டிமேளம் முழங்கியது. தராசின் எண்கள் தலைகால் புரியாமல் ஓடின. வசுந்தரா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் போயிற்று.

சிறிது நேரத்தில் அழகுபாண்டியே வாசலில் வந்து நின்றார். "நம்மளால ஒங்க வேல கெட்டுப்போச்சு. மூணு பேரும் சாப்பிட வாங்க. வரலேன்னா போகமாட்டேன்."

அதிகாரி முதலில் மறுத்தார். பிறகு இரண்டு முறை பால் பாயசம் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் திரும்பி வந்தபோது மண்டபத்தில் சத்தமே இல்லை. சாப்பிட்ட களைப்பில் சொந்தக்காரர்கள் நாற்காலி நாற்காலியாகச் சரிந்து தூங்கினார்கள். மேளக்காரர்கள் மேளத்தின் மேலேயே தலை சாய்த்திருந்தார்கள். வசுந்தரா மாத்திரையை வைத்தார். எண் கல்லுப்போல நின்றது. அவர் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார். அனந்தநாராயணனும் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு மாத்திரைக்கும் சாய்பிரசாத் அவரைத் தட்டி எழுப்பினான். அவர் எண்ணைப் பார்த்தார், "பேஷ்" என்றார், கையெழுத்துப் போட்டார், மறுபடி தூங்கினார். மாலைக்குள் நாட்டுக்கு ஒரு புதிய மருந்து ஆய்வகம் கிடைத்துவிட்டது.